லயத்து வெள்ளரி

ஆண்டுதோறும் ஏப்பிரில் 5ஆம் திகதிக்கும் 15ஆம் திகதிக்கும் இடைப்பட்ட நாட்களில் சூரியன் இலங்கைத் தீவின் உச்சிக்கு நேராக வந்து நிற்கிறது. நண்பகலில் மனிதனுடைய நிழல் அவனுடைய காலடியிலேயே சுருண்டு கிடக்கும் நாட்கள் அவை. கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவில் ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவில், கேகாலை மாவட்டத்தில் உள்ள எங்கள் வரக்காப்பொலவிற்கு இந்த வெயில் வறண்ட வெயிலாக வருவதில்லை. யாழ்ப்பாணத்துக் கோடையிலும் மதுரைக் கோடையிலும் காற்றாவது வீசும். இங்கேயோ ஈரமும் சூடும் ஒன்றாய்க் கலந்து, இடியப்பச் சட்டிக்குள் அகப்பட்ட மாவைப்போல மனிதரை அவிக்கின்றன. பிற்பகலில் இடி முழங்கி ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்தால் புழுக்கம் முன்னிலும் இரட்டிப்பாகும்.

இந்தப் புழுக்கத்திற்கு ஏழை எளியவர் கண்ட மருந்து வெள்ளரிக்காய். அதனை உண்பதற்கு அடுப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், விறகு தேடி அலைய வேண்டாம். கத்தி இல்லையானால் பல்லே போதும். நூறு பங்கில் தொண்ணூற்றைந்து பங்கு நீரே ஆன அந்தக் காயைக் கடிக்கும்போது எழும் ஓசையே பாதித் தாகத்தைத் தீர்த்துவிடும். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பிஞ்சு வெள்ளரியை நான்காகப் பிளந்து உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்பார்கள். யாழ்ப்பாணத்தார் வெடித்துப் பழுத்த வெள்ளரிப்பழத்தைச் சீனி கலந்து உண்பார்கள். எங்கள் பகுதியில் பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் அரிந்து, தேசிக்காய் பிழிந்து, தேங்காய்ப்பாலின் முதற்பாலை விட்டுச் சம்பல் செய்வது வழக்கம். அயற் கிராமத்துச் சிங்கள மக்கள் ‘பிபிஞ்ஞா’ என்று அழைத்து அதனைப் பாற்கறியாகவும் சமைப்பார்கள். எந்த வகையில் உண்டாலும் சித்திரை வெயிலுக்கு அது இதமானது என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

எனினும், தோட்டத்து லயங்களில் வெள்ளரிக்காய் கொண்டாடப்படுவதற்குக் குளிர்ச்சி ஒன்றே காரணம் என்று எண்ணிவிடலாகாது. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அக்காரணம் குளிர்ச்சியானது அன்று.

வரக்காப்பொலவைச் சூழ்ந்திருப்பவை பெரும்பாலும் இறப்பர்த் தோட்டங்கள். தென்னமெரிக்காவின் அமேசன் காட்டு மரமாகிய இறப்பர், இங்கிலாந்தின் கியூ பூங்கா வழியாக 1876இல் இலங்கைக்கு வந்து, எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள ஹெனரத்கொடையில் முதன்முதலில் நடப்பட்டது. அம்மரத்தில் பால் வெட்டும் வேலை விடியற்காலையில் தொடங்கும். குளிர்ந்த பொழுதிலேதான் பால் நன்றாக வடியும் என்பதனால், வெயில் ஏறுமுன் மரத்திற்கு மரம் ஓடி வெட்டியாக வேண்டும். பின்னர் சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் சேர்த்து, மேட்டிலும் பள்ளத்திலும் சுமந்துகொண்டு நிறுவைக்குக் கொண்டுவர வேண்டும். தை, மாசி மாதங்களில் இறப்பர் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாய் நிற்கும். புதுத்துளிர் விட்டு இலை முற்றும்வரை பால் குறையும். பால் குறைந்தால் வேலைநாள் குறையும். வேலைநாள் குறைந்தால் கையிற் கிடைக்கும் சம்பளம் குறையும். மரத்தில் நிழலும் இல்லை, மடியில் காசும் இல்லை என்ற நிலையில் தோட்டத் தொழிலாளியின் கோடை பிறக்கிறது.

அந்தக் காலத்தில் கைகொடுப்பது லயத்தின் பின்புறத்து வெள்ளரிக்கொடி. என் அம்மாயி தம் வாழ்நாள் முழுவதும் பால் வெட்டியவர். அவருடைய காம்பரா 10 அடிக்கு 12 அடி. அதன் பின்சுவருக்கும் கழிவுநீர்க் கானுக்கும் இடையில் ஒரு முழ அகலத்தில் நிலம் கிடந்தது. அந்த ஒரு முழத்தில், மாசி பிறந்ததும் அடுப்புச் சாம்பலையும் கோழி எருவையும் கொட்டிக் கொத்தி, நான்கைந்து குழிகளில் விதையூன்றுவார். விதை முந்திய ஆண்டு முற்றவிட்ட காயிலிருந்து எடுத்து, சாம்பலில் புரட்டிச் சுவரில் அப்பிக் காயவைத்ததாக இருக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீரே அதற்குப் பாசனம். இறப்பர்க் கொப்புகளை ஊன்றி, பழைய கயிற்றை இழுத்துக் கட்டினால் கொடி தானாகவே தகரக் கூரையைத் தேடிப் போகும். முதலில் வெறும் ஆண்பூக்கள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து உதிரும். சில நாட்களின் பின்னர், பூவின் அடியில் விரலளவு பிஞ்சைத் தாங்கிய பெண்பூ தோன்றும். அதைக் கண்டவுடன் லயத்துப் பிள்ளைகள் யாவரும் கூடிவிடுவோம். விரல் நீட்டிக் காட்டினால் பிஞ்சு வெம்பிவிடும் என்பது அம்மாயியின் கட்டளை. ஆகையால் முழங்கையாலும் மோவாயாலும் சுட்டிக்காட்டிக்கொள்வோம்.

நண்பகலில் வேலை முடிந்து வரும்போது அம்மாயியின் கைகளில் இறப்பர்ப் பாலின் வாடை அடிக்கும். எத்தனை தடவை கழுவினாலும் அவ்வாடை முற்றாகப் போவதில்லை. கூரையின் விளிம்பில் தொங்கும் காய் ஒன்றைப் பறித்து, காம்புப் பக்கத்தில் ஒரு துண்டை அறுத்து, அறுத்த இடத்திலேயே அதை வைத்து என்னிடம் நீட்டுவார். “நொரை வர்ற வரைக்கும் தேய்ச்சு வுடு சாமி. கசப்பு எறங்கட்டும்” என்பார். வெள்ளரியின் கசப்புக்குக் காரணமான பொருள் காம்பை அடுத்த பகுதியிலும் தோலின் கீழும் மிகுந்திருக்கும் என்றும், வெயிலும் நீர்க்குறைவும் அதனை அதிகமாக்கும் என்றும் பின்னாளில் படித்தேன். தேய்ப்பதனால் கசப்பு இறங்குகிறதோ இல்லையோ, அந்தத் துண்டை எறிந்துவிடுவதனால் நிச்சயமாகக் குறையும். மீதியை அவர் நீளவாக்கில் பிளந்து கல்லுப்பைத் தூவுவார். அவருக்கும் எனக்கும் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளுக்குமாக அது பங்கிடப்படும். வெள்ளரியின் பச்சை மணம் எழும்போது பாலின் வாடை சிறிதுநேரம் மறைந்திருக்கும்.

எங்கள் ஊரின் பெயரிலேயே பலா இருக்கிறது. சிங்களத்தில் ‘வரக்கா’ என்பது சுளை இறுகிய பலாவைக் குறிக்கும். ‘பொல’ என்பது சந்தை. பெயருக்கேற்றபடி கிராமத்து வீடுகளின் முற்றங்களில் பலா மரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. தோட்டத்தின் எல்லையை அடுத்திருந்த கிராமத்து அக்கா ஒருவர் ஆண்டுதோறும் அம்மாயிக்கு ஒரு பலாக்காய் கொடுப்பார். அம்மாயி நாலைந்து வெள்ளரிக்காயை மடியிற் கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பார். ஒருவர் மொழி மற்றவருக்கு அரைகுறையாகவே தெரியும். ஆயினும் அந்தப் பண்டமாற்றில் ஒருநாளும் கணக்குத் தவறியதில்லை.

ஒரு நாள் அம்மாயியிடம் கேட்டேன்: “நாமளும் ஒரு பலாக்கன்னு வெச்சா என்ன அம்மாயி?”

அவர் சிரித்தார். “வெள்ளரி ஒண்ணர மாசத்துல கையில குடுத்துரும் சாமி. பலா காய்க்க ஏழெட்டு வருசம் ஆகும். அதுவரைக்கும் நாம எந்த லயத்துல இருப்பமோ, யாரு கண்டா?”

அப்போது அந்த விடையின் பொருள் எனக்கு விளங்கவில்லை. வரலாற்றைப் படித்த பின்னரே விளங்கிற்று. விதையூன்றி ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் காய் தரும் பயிரைத்தான், நாளை இந்த இடத்தில் இருப்போமா என்று அறியாதவன் நடமுடியும். தென்னையும் பலாவும் மாவும் காணி உறுதி உடையவனுடைய பயிர்கள். வெள்ளரியும் கீரையும் உறுதி இல்லாதவனுடைய பயிர்கள். லயத்துப் பெண்கள் வெள்ளரியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வதைவிட, மற்றவற்றை நடும் துணிவு அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்று சொல்வதே பொருந்தும்.

அவ்வாறு பறிக்கப்பட்ட கதை நீண்டது. நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்து, மலையகத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டார்கள். 975,000 மனிதர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அந்த எச்சத்தை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. சந்தையில் காய்களைக் கூறுகட்டி வைப்பதுபோல மனிதர்களைக் கூறுகட்டிய அந்தக் கணக்கில், எந்தக் கூறில் யார் விழுவார் என்று லயத்தில் எவருக்கும் தெரியாது. அந்த நிலையில் பலாக்கன்று நடுபவன் யார்?

அம்மாயியின் கூடப்பிறந்த தங்கை இந்தியக் கூறில் விழுந்தார். அவருடைய கணவர் இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தார். என் தாத்தா இலங்கைக்கு விண்ணப்பித்திருந்தார். எழுபதுகளின் நடுப்பகுதியில் தங்கையின் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் சென்றது. புறப்பட்ட அன்று அவர் முந்தானையில் முடிந்துகொண்டு போனவற்றுள் ஒரு பிடி வெள்ளரி விதையும் இருந்தது என்று அம்மாயி சொல்லுவார். தாயகம் திரும்புகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் பிறந்தது இங்கே. அவருடைய தாய் பிறந்ததும் இங்கே.

இருக்கு வேதத்தின் ஏழாம் மண்டலத்தில் உள்ள மிருத்யுஞ்சய மந்திரம், சாவின் பிடியிலிருந்து விடுபடுவதற்கு வெள்ளரிப்பழம் காம்பிலிருந்து விடுபடுவதை உவமையாகக் கூறுகிறது. முற்றிப் பழுத்த வெள்ளரி, கொடியை நோகச் செய்யாமல் தானே கழன்று கிடக்கும். உவமையின் அழகு அந்த நோவின்மையில் இருக்கிறது. பிஞ்சைத் திருகிப் பறித்தால் கொடியும் கிழியும், காம்பிலிருந்து நீரும் வடியும். எங்கள் மக்களுக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகைப் பிரிவு. வெள்ளரி இமயமலை அடிவாரத்தில் தோன்றிய பயிர் என்பது தாவரவியலார் முடிவு. ஆகவே அதுவும் இந்திய வம்சாவளிதான்! ஆயினும் அதனிடம் எவரும் பிறப்புப் பத்திரம் கேட்டதில்லை. அமேசனிலிருந்து வந்த இறப்பர் மரத்திற்குச் சபரகமுவாவின் குன்றுகள் எல்லாம் சொந்தமாயின. அந்த மரத்தை நட்டு, களை பிடுங்கி, பால் எடுத்த கைகளுக்கு ஒரு முழ நிலம் சொந்தமாகவில்லை.

தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகவே கேரளத்தின் புனலூரில் இறப்பர்த் தோட்டம் ஒன்று உருவாக்கப்பட்டது. 1976இல் அது மத்திய, கேரள அரசுகளின் கூட்டு நிறுவனமாயிற்று. சின்ன அம்மாயி இறுதியிற் போய்ச் சேர்ந்தது அங்கேதான். நாடு மாறியது, கடல் குறுக்கிட்டது, கையிலிருந்த பால்வெட்டுக் கத்தி மட்டும் மாறவில்லை. அங்கிருந்து அவர் எழுதுவித்த கடிதம் ஒன்றை அம்மாயி தம் பெட்டியில் வைத்திருந்தார். மலையாளிகள் சித்திரை விஷுவன்று விடியற்காலையில் கண்விழித்ததும் காணும் ‘கணி’யில் பொன்னிற வெள்ளரியை உருளியின் நடுவே வைக்கிறார்கள் என்றும், அதைக் கண்டபோது லயத்துக் கூரை நினைவுக்கு வந்தது என்றும் அதில் எழுதியிருந்தது. நாங்கள் இங்கே புத்தாண்டு கொண்டாடும் அதே வேளையில் அங்கே வெள்ளரி மங்கலப் பொருளாய் வீற்றிருக்கிறது! உலகில் வெள்ளரிக்கு மதிப்புக் குறைவென்று எவரும் சொல்ல முடியாது. உரோமப் பேரரசன் திபேரியசு நாள்தோறும் உண்ணும்பொருட்டு, சக்கரம் பூட்டிய பாத்திகளில் அதனை வளர்த்து வெயில் கண்ட இடத்துக்கு உருட்டிச் சென்றார்கள் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். அது இன்றைய வெள்ளரி அன்று, அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு காய் என்று கருதும் அறிஞரும் உளர். எதுவாயினும், மன்னனுக்காக அங்கே பாத்தி உருண்டது. எங்கள் நாட்டிலோ பாத்தி இருந்த இடத்திலேயே இருக்க, பயிரிட்டவர்கள் உருட்டப்பட்டார்கள்.

இங்கே தங்கியவர்களின் நிலை மட்டும் என்ன? நான் சிறுவனாயிருந்தபோது ஒரு மாசிமாதக் கடைசியில், கானோரத்தில் உள்ள கொடிகள் யாவற்றையும் அகற்றும்படி தோட்டத்து நிருவாகத்திலிருந்து உத்தரவு வந்தது. கொடியினால் கான் அடைபடுகிறதாம். எந்தத் தோட்டம், எந்தத் துரை என்பது இங்கே முக்கியமன்று. இத்தகைய உத்தரவு எந்தத் தோட்டத்திலும் வரக்கூடியதே. ஆட்கள் வந்து கத்தியால் வீசிச் சென்றார்கள். வந்தவர்களும் எங்கள் லயத்தைச் சேர்ந்தவர்களே. அவர்களுக்கு அது அன்றைய பேர் வேலை. அம்மாயி ஒரு சொல்லும் பேசவில்லை. வெட்டுண்ட கொடிகளில் இருந்த பிஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பறித்துச் சுளகில் இட்டு, வெட்டிய ஆட்களுக்கும் சேர்த்து, லயத்தில் உள்ள பன்னிரண்டு காம்பராவுக்கும் பங்கிட்டார். மறுவாரம் சுவரிலிருந்து விதையை உரித்தெடுத்து மீண்டும் ஊன்றினார். அந்த ஆண்டு காய் பிந்தியே வந்தது. வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ள, கொடி பாதி காய்ப்பிலேயே அழுகிற்று.

2003இல் வந்த சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கியது. வாக்குரிமை உண்டு, அடையாள அட்டை உண்டு. எனினும் வாழும் வீட்டிற்கும் அதன் பின்புறத்து மண்ணிற்கும் உறுதி இல்லாதவர்கள் இன்றும் ஆயிரமாயிரம் பேர் லயங்களில் வாழ்கிறார்கள். இவ்வுண்மையை என் வகுப்பறையில் ஒரு மாணவி எனக்கு உணர்த்தினாள்.

அது 2022ஆம் ஆண்டு. நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்து, உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்குள் ஏறக்குறைய இருமடங்காகியிருந்தது. வீட்டுத்தோட்டம் செய்து உணவு பெருக்குங்கள் என்று அரசாங்கம் மக்களுக்கு அறைகூவல் விடுத்தது. அரச ஊழியர்கள் தத்தம் வீட்டில் பயிரிடுவதற்கென அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறையும் அறிவிக்கப்பட்டது. காலத்துக்கேற்ற தலைப்பு என்று கருதி, பத்தாம் வகுப்பு மாணாக்கருக்கு ‘எங்கள் வீட்டுத் தோட்டம்’ என்னும் பொருளில் கட்டுரை எழுதப் பணித்தேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு பெண் எழுந்து, மிகுந்த பணிவோடு கேட்டாள்:

“சேர், எங்களுக்கு இருக்கிறது தோட்டத்து வீடு. வீட்டுத் தோட்டம் இல்ல. எதப் பத்தி எழுதணும்?”

வகுப்பு சிரிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் வேற்றுமைத் தொகையையும் அதன் விரியையும் எத்தனையோ எடுத்துக்காட்டுகளோடு நான் படித்திருக்கிறேன். இரண்டு சொற்கள் இடம் மாறினால் ஒரு சமுதாயத்தின் வரலாறே புலப்படும் என்பதை எந்த உரையாசிரியரும் எனக்குக் காட்டியதில்லை. எங்கள் பேச்சில் ‘தோட்டம்’ என்றால் கம்பனியின் தோட்டம். வீடு அதற்குள் ஒட்டிக்கொண்டிருப்பது. வீட்டிற்குள் தோட்டம் அடங்கும் வாழ்க்கை அந்தப் பெண்ணுக்குக் கிடைத்ததில்லை. “உங்கள் லயத்தின் பின்புறத்தில் எது முளைக்கிறதோ அதைப் பற்றி எழுது” என்றேன். அவள் எழுதியது வெள்ளரிக்கொடியைப் பற்றியே. அவள் மட்டுமன்று, லயத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் வெள்ளரியையே எழுதியிருந்தார்கள். பலாவை எழுதியவர்கள் கிராமத்திலும் பட்டினத்திலும் காணி உள்ள வீட்டுப் பிள்ளைகள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறுவது என் கடமை. வெள்ளரியைப் பாடிப் புகழ்ந்து, ‘ஏழையின் அமுதம்’ என்று பட்டங்கட்டி, அதனோடு மனநிறைவு கொள்ளச் சொல்லும் எழுத்து எனக்கு உடன்பாடன்று. வெள்ளரிக்காய் தாகம் தீர்க்கும், பசி தீர்க்காது. நூறு கிராம் காயில் சுமார் பதினைந்து கலோரிதான் உண்டு. அந்த நெருக்கடி ஆண்டில் இடைவேளையின்போது மாணாக்கரின் உணவுப் பொதிகளைப் பார்த்திருக்கிறேன். கோதுமை ரொட்டியும் இரண்டு கீற்று வெள்ளரியும் இருக்கும். சில நாட்களில் ரொட்டி பாதியாகவும் வெள்ளரி நாலு கீற்றாகவும் இருக்கும். காயை மென்றுவிட்டுக் குழாயடியில் தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு, பிற்பகல் பாடத்தில் கண்சொருகும் பிள்ளையிடம் வெள்ளரியின் குளிர்ச்சியைப் பற்றி யார் பேச முடியும்? வளரும் உடலுக்குப் பருப்பு வேண்டும், முட்டை வேண்டும், மீன் வேண்டும். அவற்றை வாங்கும் கூலி பெற்றோருக்கு வேண்டும். ஒரு காயின் சுவை அந்த நியாயத்தை மூடி மறைக்கலாகாது.

அதே வேளையில், அந்தச் சுவையை மறுப்பதும் நியாயமன்று. வறுமையைப் பற்றி எழுதுவோர் சிலர், உழைப்பவர் வாழ்வில் கண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதுபோல் எழுதிவிடுகிறார்கள். அம்மாயி கல்லுப்புத் தூவிய கீற்றைக் கடித்துவிட்டு, கண்களை மூடி, “அப்பாடா!” என்று சொல்லும்போது அவர் முகத்தில் தோன்றிய இன்பம் மெய்யானது. அது எந்தக் கம்பனியும் கொடுத்ததன்று. ஒரு முழ மண்ணில், எவருக்கும் கணக்குக் காட்டாமல், தம் விதையிலிருந்து தாமே விளைவித்த ஒன்றை உண்பவரின் இன்பம் அது. நாளெல்லாம் எடுத்த பாலை நிறுத்துப் பார்த்து இன்னொருவர் எழுதிக்கொள்ளும் வாழ்க்கையில், வெள்ளரிக்காய் ஒன்றுதான் அவர் நிறுக்கக் கொடுக்காத விளைச்சல்.

ஆகவே நம் கோரிக்கை இந்த இன்பத்திலிருந்தே எழ வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்று பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. சில இடங்களில் தனிவீடுகளும் எழுந்துள்ளன. 7 பேர்ச் என்பது சுமார் 177 சதுரமீற்றர். வீடு கட்டியபின் எஞ்சுவது பெரிதன்று. ஆயினும் அதில் ஒரு பலாமரம் நிற்கலாம். ஒரு தென்னை நிற்கலாம். கோழிக்கூடு ஒன்று இருக்கலாம். அளவைவிட முக்கியமானது, அம்மண்ணின் உறுதிப் பத்திரத்தில் அங்கே உழைத்தவரின் பெயர், குறிப்பாகப் பெண்ணின் பெயர், எழுதப்பட்டிருப்பது. பின்புறத்தில் ஒரு முழத்தைப் பல ஆண்டுகள் பயிராக்கிக் காட்டியவர்கள் அந்தப் பெண்களே அல்லவா? காணியின் அருமையை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அம்மாயி இப்போது இல்லை. அவருடைய விதையின் வழிவந்த கொடி என் வாடகை வீட்டின் பின்வேலியிற் படர்ந்திருக்கிறது. வாடகை வீட்டுக்காரனுக்கும் ஏற்ற பயிர் வெள்ளரிதான் என்பதை நானும் அறிந்துகொண்டேன். என் மாணவி எழுதிய கட்டுரையின் கடைசி வரியில் ஒரு ஆசை இருந்தது: சொந்தக் காணி கிடைத்தால் முதலில் பலாக்கன்று ஒன்று வைப்பாளாம். வெள்ளரியை விட்டுவிடுவாயா என்று கேட்டேன். “அதெப்படி சேர்? பலா காய்க்கிற வரைக்கும் அதத்தானே திங்கணும்” என்றாள்.

அவள் கணக்குச் சரியானது. அந்த ஏழெட்டு ஆண்டும் அவள் அதே மண்ணில் இருப்பாள் என்ற உறுதியை மட்டும் இந்த நாடு கொடுக்கட்டும். அப்போதும் மாசி பிறந்தால் வெள்ளரி முளைக்கும், சித்திரையிற் காய்க்கும். வேறொன்றும் நடமுடியாத காரணத்தால் அன்றி, அதன் சுவைக்காகவே அது வளரும்.